வண்ணம் மாறலாம், மூலம் மாறலாகாது

குள்ளஞ்சாவடியின் முந்திரித் தோப்பொன்றில் குடும்பத்தாரைப் படமெடுக்கிறீர்கள். கைப்பேசியில் ஒரு தொடுதல்! பச்சை இலை மங்கி, செம்மண் பழுப்பாகி, நேற்றெடுத்த படம் நாற்பதாண்டுப் பழமை பெறுகிறது. ‘பிரீசெட்’ எனப்படும் முன்னமைப்பின் வேலை இது.

படச்சுருள் காலத்தில் இத்தகைய தோற்றம் வேதிப்பொருள்களின் விளைவாக இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்தது. வண்ணத்திற்குப் புகழ்பெற்ற கோடாகுரோம் சுருளைக் கோடாக் நிறுவனம் 2009இல் நிறுத்திவிட்டது. அன்று வெள்ளி உப்புகளும் சாயங்களும் தந்ததை, இன்று எண்கள் பாவனை செய்கின்றன. ஒளி நிழல் வேறுபாடு, நிறச்செறிவு, துகள்தன்மை ஆகியவற்றின் அளவுகளைச் சேமித்து வைத்த தொகுப்பே முன்னமைப்பு.

ஆனால், ஒரே அமைப்பு எல்லா முகங்களுக்கும் பொருந்துவதில்லை. மாநிற முகம் சாம்பல் பூத்துத் தோன்றக்கூடும். எனவே முகத்தை முதலில் நோக்கி, அமைப்பின் அளவைக் குறையுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. சில செயலிகளோ அதனை அழித்து அவ்விடத்திலேயே பதிந்துவிடும். ஆகவே மூலத்தைத் தனியே சேமித்து, நகலில் மட்டும் மாற்றம் செய்யுங்கள்.

நாளை பேரப்பிள்ளைகள் பாட்டியின் முகத்தைத் தேடும்போது, இரவல் சாயம் மட்டுமே எஞ்சியிருக்கலாமா? சிந்தியுங்கள்!