உங்களுக்குத் தெரியுமா? சிகரெட் வரியில் 70 சென்ட் இடைவெளி

1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு வரி 5 சென்ட். மிச்சிகனில் 75 சென்ட். இந்த இடைவெளியை நம்பியே ஒரு கும்பல் வேன் வேனாகச் சரக்கைக் கடத்தியது. ஸ்டேட்ஸ்வில் ஊரின் மொத்த விற்பனைக் கிடங்கில் பை நிறைய ரொக்கத்தோடு வந்து பெட்டிப் பெட்டியாக வாங்கியவர்களை, அங்கே காவல் பணி பார்த்த உள்ளூர் துப்பறிவாளர் ஒருவர் கவனித்ததில்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்கா பயங்கரவாத அமைப்பாக அறிவித்த லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கு உதவியதாக 2002இல் கும்பல் தலைவனைக் குற்றவாளி என ஜூரி தீர்ப்பளித்தது.

கடத்துபவர்கள் எல்லோரும் பயங்கரவாதிகளா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பெரும்பாலோர் அல்லர். இந்த வழக்கிலேயே கடத்தல் பல லட்சம் டாலர் புரண்ட தொழில். ஹிஸ்புல்லாவுக்குப் போனதாகச் சாட்டப்பட்ட நன்கொடையோ 3,500 டாலர்தான். ஆனால் தொகை சிறியது என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்கே மொத்தச் செலவு 4 முதல் 5 லட்சம் டாலர்தான் என்கிறது அமெரிக்க விசாரணை ஆணையம். இவ்வளவு மலிவான கொடுமைக்குச் சில்லறைப் பணமே போதும். போதைப்பொருளைவிடத் தண்டனை குறைவு, லாபம் நிச்சயம் என்பதால்தான் சிகரெட் கடத்தல் இத்தகைய கும்பல்களை இழுக்கிறது. வரி ஏய்ப்புதானே என்று இதை அலட்சியப்படுத்துவது பெரும் தவறு.