தேங்கும் மழைநீரை வடிக்கும் மீன்முள் வாய்க்கால்

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களுக்கு வடகிழக்குப் பருவமழையால் நன்மையும் உண்டு, கவலையும் உண்டு. ஆரணி ஆறு கொண்டுவரும் நன்னீர் ஏரியின் உப்பைக் குறைத்து, மீனும் இறாலும் வளர உதவுகிறது. ஆனால், கரையோரப் பள்ளங்களில் தேங்கும் நீர் வடிய வழியில்லாவிட்டால், கோடையில் வற்றி உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது.

பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு சீரழிந்ததும் இப்படித்தான். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்கள் தாழ்ந்து, நீர் தேங்கி, மண்ணில் உப்பு ஏறியது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவே முதன்மை வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். இயற்கை ஓடைகளில் நடப்பதுபோல, ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கரைத்து வெளியேறியது. வாய்க்கால் சரிவில் நட்ட வெண்கண்டல் வளர்ந்தது.

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் ஏரிக்கரை ஊர்கள் கவனிக்க வேண்டியவை:

* மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்களைக் குறித்து, மட்டம் பார்த்து, ஏரியை நோக்கிச் சரிவு கொடுக்க வேண்டும்.

* விளைநிலம், குடிநீர்க் கிணறு அருகே வெட்டக் கூடாது, உப்புநீர் புகுந்துவிடும்.

* முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஓதம் வராது. வாய்க்காலும் பயன் தராது.

* பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி அவசியம்.

* ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தவறினால் வாய்க்காலே இன்னொரு குட்டையாகிவிடும்.