நுவரெலியாவும் அதன் இயற்கைச் செல்வமும்

ஈழநாட்டின் நடுமலைப் பகுதியிலே, கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது நுவரெலியா நகர். தாழ்நிலத்தின் வெம்மைக்கு ஆற்றாதார் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் இந்நகரை நாடிச் செல்வர். விடுதி நடத்துவோர், வணிகர், வண்டியோட்டுவோர் எனப் பலர் அவர்தம் வரவால் வாழ்கின்றனர். இவ்வாழ்வுக்கு மூலமாயுள்ளது யாது? குளிர்ச்சி என்பர் பலர். அது முழு உண்மையன்று. குளிர்ச்சி பெரும்பாலும் உயரத்தின் கொடை. தெளிந்த நீரும், பசுமையும், நிலைபெயராத மண்ணுமோ வனத்தின் கொடைகள். இவை அழிந்தபின் வெறுங் குளிரை நாடி மலையேறுவார் அரியர்.

வனம் இவற்றைக் காக்குமாறு எங்ஙனம்? உயர்மலைக் காட்டு மரங்கள் குட்டையானவை. அவற்றின் கிளைகளைப் பாசி போர்த்திருக்கும். தவழ்ந்து செல்லும் முகில் இலையிலும் பாசியிலும் படிந்து துளியாகித் தரையை நனைக்கும். ஆதலின், மழையில்லா நாளிலும் இக்காடு நீரீட்டுகின்றது. பெருமழைக் காலத்தில் சருகும் வேர்ப்பின்னலும் நீரை மண்ணினுட் புகுத்தி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்கும். மரமற்ற சரிவிலோ அம்மழையே மண்ணை வாரிக்கொண்டோடும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பெரிதும் அழிக்கப்பட்டன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர் 1873 ஆம் ஆண்டில் அரசினர்க்கு அறிவுறுத்தினார். அவ்வாண்டிலேயே, தேசாதிபதி கிரெகரி காலத்தில், நுவரெலியா ஏரியும் அமைந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் தகும். ஏரிக்கு நீரூட்டுவது பிதுருதலாகலைச் சரிவின் காடு. ஏரியைத் தூர்ப்பது மரமிழந்த சரிவின் மண். மேலுள்ளதைக் காவாது கீழுள்ளதை அழகுபடுத்துதல் வீண்முயற்சியேயாம்.

இக்கடமை நகரத்தார்க்காக மட்டும் அமைந்ததன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகளின் தலையூற்றுக்கள் இம்மலைத்தொகுதியில் உள்ளன. ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் காப்பிடங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன.

விருந்தினர் பெருகப் பெருகக் கட்டடங்களும் வேண்டுமன்றோ எனச் சிலர் வினவுவர். வேண்டும், ஆயின், அவை எங்கே எழுகின்றன என்பதே கேள்வி. செங்குத்தான சரிவை வெட்டிப் பெறும் ஊதியம் ஒருவரைச் சாரும். அதனால் வருங் கேடு அடிவாரத்திலுள்ள பிறரைச் சாரும். மண்சரிவு விடுமுறைக்கு வந்துபோவோரினும் அங்கேயே வாழ்வோரையே பெரிதும் வருத்தும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் அயல் மாவட்டமாகிய பதுளையின் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, புதையுண்டவை தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன்களே.

மண்ணைக் காக்கும் சட்டம் 1951 முதல் நம் நாட்டில் உண்டு. எனினும், சட்டம் மட்டும் சரிவைத் தாங்காது. ஓடைக்கரை மரங்களை வெட்டாதிருத்தல், காய்கறி நிலங்களிற் குறுக்குவரம்பிட்டு மண்ணரிப்பைத் தடுத்தல், கழிவையும் பயிர்மருந்தையும் நீரிற் கலவாமை, செஞ்சரிவிற் கட்டடம் எழுப்பாமை ஆகியன நகரத்தாரே ஆற்றத்தக்கவை. சீத்தா எலியாவில் அம்மன் கோயிலருகே ஓடும் ஓடையைத் தூயதெனப் போற்றி வணங்குவோர் பலர். அவ்வோடை பிறக்கும் வனத்தையும் அவ்வாறே போற்றுதல் அவ்வணக்கத்தின் நிறைவாகும்.