ரப்பர் பால் மெத்தையை எடை போட்டு வாங்குங்கள்

மெத்தைக் கடையில் யாரும் நிம்மதியாகப் படுத்துப் பார்ப்பதில்லை. கணவர் உள்ளங்கையால் இரண்டு அமுக்கு அமுக்குவார். மனைவி ஓரத்தில் உட்கார்ந்து எழுந்துகொள்வார். கடைக்காரர் தன் முழங்கையை ஊன்றி எடுத்து, ரப்பர் துள்ளி மேலே வருவதைக் காட்டி, "பாருங்க சார், குழியே விழாது" என்பார். கூச்சம்தான் காரணம். நாலு பேர் பார்க்க மல்லாந்து படுக்க நம்மூரில் யாருக்கு மனசு வரும்? பத்து வருஷம் உடம்பைத் தாங்கப்போகிற பொருளை, அரை லட்சம் வரை கொடுத்து, உள்ளங்கையை நம்பி வாங்கி வந்துவிடுகிறோம்.

இலவம்பஞ்சு மெத்தையை வாங்க இந்த அமுக்கல் போதும். பஞ்சு எவ்வளவு திணித்திருக்கிறார்கள் என்பது கைக்கே தெரியும். ரப்பர் பாலில் செய்யும் இயற்கை லேடெக்ஸ் மெத்தையின் குணம் வேறு. அதைத் தேர்ந்தெடுக்கும் விதம், அதோடு பழகும் விதம், பராமரிக்கும் விதம் எல்லாமே பஞ்சு மெத்தையிலிருந்து மாறுபட்டவை. வாங்கிய பிறகு வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை பஞ்சு மெத்தையின் பழக்கங்களை ரப்பர்மீது ஏற்றுவதால் வருபவை.

லேடெக்ஸ் நமக்கு அந்நியமானதும் அல்ல. வீட்டில் தேங்காய் நார் மெத்தை இருந்தால் நீங்கள் ஏற்கெனவே அதன்மேல்தான் படுத்திருக்கிறீர்கள். முறுக்கிப் பிரித்த நாரின்மீது ரப்பர் பாலைத் தெளித்து, சூடேற்றிப் பதப்படுத்தித்தான் அந்த நார்ப்பாளங்களைச் செய்கிறார்கள். லேடெக்ஸ் மெத்தையில் நார் கிடையாது, பால் மட்டும்தான்.

அந்தப் பால் வருவதும் தூர தேசத்திலிருந்து அல்ல. கேரளத்தை அடுத்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடிவதற்கு முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையில் சாய்வாகக் கீறி, கீழே சிரட்டையைக் கட்டியிருப்பார்கள். சிரட்டையில் சேரும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்த்து, கடைந்து பிரிக்கும் இயந்திரத்தில் சுழற்றி, ரப்பர் 60 சதவீதம் ஆகும்வரை அடர்த்தியாக்கியதுதான் மெத்தை ஆலைக்குப் போகிறது. இந்தியாவில் ஒரு ஹெக்டேர் தோட்டம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,400 முதல் 1,500 கிலோ உலர் ரப்பர் தருகிறது. ஹெக்டேருக்கு 400 மரம் என்று வைத்தால், மரத்துக்கு மூன்றரை கிலோ. இரட்டைக் கட்டிலுக்கான ஆறு அங்குல மெத்தை ஒன்றின் எடை 40 கிலோவைத் தாண்டும். அதாவது ஒரு மெத்தைக்குள் பன்னிரண்டு மரங்களின் ஓராண்டுப் பால் அடங்கியிருக்கிறது. விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பாதி பதில்.

பாலை நுரையாக்கும் வித்தை 1929-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், டன்லப் டயர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கைகூடியது. இ.ஏ.மர்ஃபி என்ற வேதியியலாளர் வீட்டிலிருந்த கேக் மாவு கலக்கியால் ரப்பர் பாலை அடித்துப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, முறை இன்றும் அதுதான். பாலில் கந்தகமும் சோப்பும் சேர்த்து நுரை பொங்க அடிக்கிறார்கள். உறையவைக்கும் பொருளைக் கலந்து, ஊசி ஊசியாக நிற்கும் அச்சில் ஊற்றுகிறார்கள். நீராவியில் வேகவைத்து, கழுவி உலர்த்துகிறார்கள். மெத்தையைத் திறந்தால் தெரியும் துளைகள் அந்த ஊசிகள் விட்ட தடம். சூடு உள்ளே வரை சீராகப் போவதற்காக வைத்த ஊசிகள் அவை. காற்றோட்டம் கூடுதல் லாபம். இதற்குப் பிறகு வந்தது டாலலே முறை. அச்சைப் பாதி நிரப்பி மூடி, காற்றை உறிஞ்சி நுரையை விரிவடையச் செய்து, உறையவைத்து, பிறகு வேகவைப்பது. அதில் மென்மை கூடும், விலையும் கூடும். நம்மூர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டன்லப் முறைதான். அதில் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் கனமாகவும் திடமாகவும் இருக்கும், அவ்வளவே.

கடையில் கவனிக்கவேண்டியது முறையை அல்ல, பெயரை. 'நூறு சதவீதம் லேடெக்ஸ்' என்று எழுதியிருந்தால் அது இயற்கை லேடெக்ஸாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை லேடெக்ஸும் லேடெக்ஸ்தான். 'லேடெக்ஸ் மெத்தை' என்ற பெயரில் நாலு அங்குலம் சாதாரண ஃபோமும் மேலே ஒரே ஒரு அங்குலம் லேடெக்ஸும் வைத்து விற்பதும் உண்டு. அதைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் விலை மட்டும் முழு மெத்தைக்குப் பக்கத்தில் நிற்கும். உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கவே முடியாதபடி தைத்திருந்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்து எடை. இதைக் கேட்டால் பல கடைகளில் விழிப்பார்கள், அதற்காகவே கேட்கலாம். டன்லப் லேடெக்ஸின் அடர்த்தி பொதுவாகக் கன மீட்டருக்கு 75 முதல் 95 கிலோ வரை இருக்கும். 78-க்கு 72 அங்குலம், ஆறு அங்குல கனம் என்றால் கொள்ளளவு 0.55 கன மீட்டர். எண்பதால் பெருக்கினால் 44 கிலோ. ஒரே ஆள் அலட்சியமாகத் தலையில் தூக்கிக்கொண்டு மாடியேறினால் உள்ளே இருப்பது முழு லேடெக்ஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் எடை மட்டுமே சாட்சியாகிவிடாது. சுண்ணாம்புத்தூள் கலந்தாலும் எடை ஏறும். அதற்குச் சான்றிதழ் பார்க்கவேண்டும். இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஓகோ-டெக்ஸ்' முத்திரை, தீங்கான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறது என்றுதான் சொல்கிறது; ரப்பர் இயற்கையானதா என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது 'கோல்ஸ்' சான்று. இயற்கை வேளாண்மையில் விளைந்த ரப்பர் 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது அதன் விதி. மீதி கந்தகம், துத்தநாக ஆக்சைடு போன்றவை; அவை இல்லாமல் பால் மெத்தையாகாது. ஆகவே 'ரசாயனமே இல்லை' என்று சத்தியம் செய்பவரைச் சந்தேகிக்கலாம்.

இனி, எவ்வளவு திடம்? முதுகுவலி என்றதும் பலகையில் படு, தரையில் படு என்பது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடினமான மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரத் திட மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. வலியும் முடக்கமும் அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். இது லேடெக்ஸுக்கான சோதனை அல்ல, திடத்துக்கான சோதனை. ஆனால் கடினமே நல்லது என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள இது போதும்.

எவ்வளவு திடம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் உடல் எடையும் படுக்கும் விதமும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் உள்ளே இறங்க இடம் வேண்டும், மேல் அடுக்கு மெதுவாக இருக்கட்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் திடம். குப்புறப் படுப்பவருக்கு மெத்தை மெதுவாக இருந்தால் வயிறு இறங்கி இடுப்பு வளைந்துவிடும். தொண்ணூறு கிலோ ஆளுக்கு மென்மையாகத் தெரிகிற அதே மெத்தை ஐம்பது கிலோ ஆளுக்குக் கல். ஒரே கட்டிலில் இவர்கள் இருவரும் படுக்கிறார்கள் என்றால், இரண்டு மூன்று அடுக்குகளாக வரும் மெத்தையில் இரு பக்கத்துக்கும் வேறு வேறு திடம் கேட்டு வாங்கலாம். தோளுக்கு ஒரு திடம், இடுப்புக்கு ஒரு திடம் என்று மெத்தையைப் பிரித்து 'ஏழு மண்டலம்' என்று பெருமையாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் தோள் ஒரே இடத்திலா வரும்? முடிவெடுக்க முடியாமல் தத்தளித்தால் சற்றுத் திடமானதையே எடுங்கள். கடினத்தைச் சரிசெய்ய மேலே இரண்டு அங்குல மெல்லடுக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம். மிதமிஞ்சிய மென்மைக்கு அப்படிப் பரிகாரம் இல்லை.

கடையில் கூச்சத்தை விட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே கால்மணி நேரம் படுங்கள். தலையணையும் வேண்டும். கூட வந்தவர் பின்னால் நின்று பார்க்கட்டும்: ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு ஒரே நேராக இருக்கவேண்டும். தொய்ந்தாலும் தவறு, மேலே வளைந்தாலும் தவறு.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் முதல் சில நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பஞ்சு மெத்தை உடம்பின் அச்சுக்கு ஏற்பக் குழிந்து அப்படியே இருந்துவிடும். ரப்பர் அப்படி இருக்காது. அழுத்த அழுத்தத் திருப்பித் தள்ளும். வருஷக்கணக்காகக் குழியில் வளைந்து கிடந்த இடுப்புக்கு நேராகக் கிடப்பதே புது வேலை. ஆகவே விலாவிலும் தோளிலும் லேசான வலி எட்டிப்பார்க்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கை மரத்துப்போவதும் காலுக்கு இறங்கும் வலியும் இதில் சேராது. அவற்றுக்கு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பலர் மெத்தையைத் திட்டும் நேரத்தில் குற்றவாளி தலையணையாக இருக்கும். பழைய கெட்டி மெத்தையில் தோள் மேலேயே நின்றது. அதனால் உயரமான இலவம்பஞ்சுத் தலையணை பொருந்தியது. புதியதில் தோள் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ உள்ளே இறங்குகிறது. அதே தலையணை இப்போது கழுத்தை மேலே நெட்டித் தள்ளும். தையலைப் பிரித்துப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும், செலவும் இல்லை. மேலே விரிக்கும் துணியும் அப்படித்தான். தடித்த விரிப்பையோ விறைப்பான ரெக்சின் உறையையோ இறுக்கிப் போட்டால், உள்ளே எவ்வளவு நல்ல ரப்பர் இருந்தும் தோள் இறங்காது. வியர்க்கவும் செய்யும்.

வாசனை வரும். வேகவைத்த ரப்பரின், கொஞ்சம் பால் புளித்தது போன்ற வாடை. சன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுற்றவிட்டு, சில நாள் வையுங்கள். அவசரப்பட்டு மொட்டைமாடிக்குத் தூக்காதீர்கள். இந்த இடத்தில்தான் நம் வழக்கம் முழுசாகத் தோற்றுப்போகிறது. மாசி, பங்குனி வெயிலில் மெத்தையைக் காயப்போட்டுப் பிரம்பால் தட்டுவது பஞ்சுக்கு மருந்து. ரப்பருக்கு அதுவே விஷம். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து இயற்கை ரப்பரைக் கடினமாக்கி, மேல்பகுதியைப் பொடிப்பொடியாக உதிரவைக்கும். பூச்சியை விரட்ட வேண்டுமென்றால் உறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் போடுங்கள், ரப்பர் நிழலிலேயே இருக்கட்டும்.

எண்ணெயும் ஆகாது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, வலுவிழக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெயும், சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலும், மூட்டுக்குத் தைலமும் வழங்கும் வீட்டில் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை இல்லாமல் இந்த மெத்தையை விரிக்கக்கூடாது. லேடெக்ஸ் தலையணைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

கட்டிலையும் பாருங்கள். அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டிலில் முழுப் பிளைவுட் அடைத்திருப்பார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் உடம்பின் ஈரம் கீழே இறங்கி அங்கேயே தங்கும். ஆறு மாதத்தில் கறுப்புப் பூஞ்சை வரக்கூடும். தச்சரைக் கூப்பிட்டுப் பலகையில் வரிசையாகத் துளையிடச் சொல்லுங்கள். சட்டக் கட்டிலென்றால் சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், ரப்பர் பிதுங்கும். தரையில் போட்டுப் படுப்பவர்கள் காலையில் சுவரில் சாய்த்து வைக்கவேண்டும். நாற்பது கிலோவை யார் தினமும் தூக்குவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்குத் தனித்தனியாக இரண்டு ஒற்றை மெத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வருபவர்கள், இதைத் தவிர்ப்பதே நல்லது. நன்றாகக் கழுவிய நுரையில் ஒவ்வாமை தரும் புரதம் குறைவுதான், ஆனாலும் அபாயம் எதற்கு? தூசிப்பூச்சி அண்டாது என்ற விளம்பரத்தைப் பாதி நம்பலாம். ரப்பருக்குள் அது குடியேறுவது கடினம். மேலே இருக்கும் விரிப்பில் நம் தோல் துகள் விழும்வரை பூச்சிக்கு அங்கே சாப்பாடு உண்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை எந்த மென்மையான மெத்தையிலும், இதையும் சேர்த்து, படுக்கவைக்கவேண்டாம்.

பில் போடும் முன் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பழகிப் பார்க்க எத்தனை நாள், ஒத்துவராவிட்டால் முழு மெத்தையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா, ஓர் அடுக்கை மட்டும் மாற்றித் தருவார்களா, வண்டிக்கூலி யார் தலையில்? உத்தரவாதத்தில் 'தொய்வு' என்று எத்தனை அங்குலக் குழியைச் சொல்கிறார்கள் என்பதையும் படியுங்கள். முழுப் பிளைவுட் கட்டிலில் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், தச்சர் வந்துபோனபின் மெத்தையை இறக்கச் சொல்லுங்கள்.