பழுதடைந்த மோட்டார் இல்லத்தை நெடுந்தொலைவு கொண்டு செல்லுதல்

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றுடன் சொந்த எஞ்சினால் ஓடும் ஊர்தியாகும். தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் 'கேரவன்' என்று அழைக்கப்படும் வண்டிகள் இதற்கு நெருங்கிய உறவுடையவை. வட அமெரிக்காவில் விடுமுறைப் பயணத்திற்கும், ஓய்வு பெற்றவர்கள் ஆண்டு முழுவதும் வாழ்வதற்கும் இவை பயன்படுகின்றன. இத்தகைய வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், அதில் வாழ்பவர்களுக்கு வாகனத்தோடு வீடும் முடங்கிவிடுகிறது.

நின்ற வண்டியை அருகிலுள்ள பணிமனைக்கு இழுத்துச் செல்வதும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு செல்வதும் வெவ்வேறு பணிகள். கருவி, சட்டம், செலவு, பொறுப்பு ஆகிய நான்கும் இவ்விரண்டிலும் மாறுபடுகின்றன.

அளவும் எடையும்

ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் இல்லங்கள் ஏ, பி, சி என மூன்று வகைப்படும். பி வகை வேன் அளவினது. சி வகை, சிறு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்படுவது. பேருந்து போன்ற தோற்றமுடைய ஏ வகையே மிகப் பெரியது. இதன் நீளம் 45 அடி (13.7 மீட்டர்) வரை இருக்கும். எஞ்சின் பின்புறம் உள்ள பெரிய டீசல் வண்டிகள் 15 டன்னுக்கும் மேல் எடையுள்ளவை. சில 20 டன்னையும் தாண்டும். கார்களை இழுக்கும் சாதாரண மீட்பு வண்டியால் இவற்றை அசைக்க இயலாது.

நகர்த்துவதற்கு முன்

பெரிய டீசல் வண்டிகளில் ஏர் பிரேக் உண்டு. காற்றழுத்தம் குறைந்தால் வலுவான ஸ்பிரிங்குகள் பின் சக்கரங்களைத் தாமாகவே பூட்டிவிடும். இது பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் எஞ்சின் ஓடாதபோது வண்டி நகராது. மீட்பு வண்டியிலிருந்து குழாய் வழியாகக் காற்றுச் செலுத்தியோ, ஸ்பிரிங்கை திருகாணியால் இறுக்கிச் சுருக்கியோ பூட்டை விடுவிக்கின்றனர். திருகாணியால் விடுவித்த பின் நிறுத்து பிரேக் வேலை செய்யாது. எனவே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸ். 'நியூட்ரலில் போட்டு இழுத்தால் போதும்' என்ற எண்ணம் தானியங்கி கியர்பாக்ஸைப் பொறுத்தவரை தவறு. அதற்குள் எண்ணெயைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் எஞ்சினின் விசையால் இயங்குகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பின் சக்கரங்கள் சுழன்றால், கியர்பாக்ஸின் உட்பகுதி எண்ணெயின்றிச் சுழன்று தேய்ந்து கெடும். இதனால்தான் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையோ, அச்சுத் தண்டுகளையோ முதலில் கழற்றுகின்றனர்.

பக்கவாட்டில் நீளும் அறைகளையும் தரைத் தாங்கிகளையும் உள்ளிழுத்துப் பூட்ட வேண்டும். எரிவாயு உருளையை மூட வேண்டும். உள்ளிருக்கும் பொருள்களைக் கட்டி வைக்க வேண்டும். இழுக்கப்படும் வண்டிக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது.

சொந்தச் சக்கரங்களில் இழுத்தல்

கனரக மீட்பு வண்டி முன் அச்சைத் தூக்கிக்கொள்ள, பின் சக்கரங்கள் சாலையில் உருளும். முன்முகப்பு கண்ணாடி இழையால் ஆனதால் அதில் கொக்கி மாட்டக் கூடாது. அச்சையோ அடிச்சட்டத்தையோ மட்டுமே பிடிக்க வேண்டும். முன்புறம் உயரும்போது பின்புறம் தாழ்கிறது. ஆகவே மேடுபள்ளமான இடங்களில் வால்பகுதி தரையில் உரசக்கூடும். ஏற்பாடுகள் விரைவில் முடிவதால் குறுந்தொலைவுக்கு இம்முறை ஏற்றது. தொலைவு கூடக்கூட டயர்களும் பேரிங்குகளும் சூடாகித் தேயும் வாய்ப்பும் கூடுகிறது.

டிரெய்லரில் ஏற்றுதல்

நெடுந்தொலைவுக்கு, தளம் தாழ்ந்த லோ-பெட் டிரெய்லரில் வண்டி முழுவதையும் ஏற்றுவது வழக்கம். சக்கரம், அச்சு, பிரேக் கெட்டிருந்தாலும் இம்முறை பொருந்தும். இங்கு முதன்மையான தடை உயரமாகும்.

குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்து 3.85 மீட்டர் உயரமுள்ள வண்டியை, 0.55 மீட்டர் உயரத் தளத்தில் ஏற்றினால் மொத்த உயரம் 4.40 மீட்டர். பல கிழக்கு மாநிலங்களில் அனுமதியின்றிச் செல்லக்கூடிய உயரம் 4.11 மீட்டர், மேற்கு மாநிலங்கள் பலவற்றில் 4.27 மீட்டர். ஆகவே கடந்து செல்லும் மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் தனி அனுமதி பெற நேரிடும். சில இடங்களில் உயரக் கம்பு பொருத்திய முன்னோடி வண்டியும் தேவைப்படும்.

கொலராடோ மாநிலத்தின் ஐசனாவர் சுரங்கப்பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உயர வரம்பு 4.24 மீட்டர். மேற்கூறிய வண்டி தானே ஓடினால் அதனுள் எளிதாகச் செல்லும். டிரெய்லர் மேல் இருந்தால் செல்ல முடியாது. 3,655 மீட்டர் உயரத்திலுள்ள லவ்லேண்ட் கணவாய் வழியாக மலையேறிச் சுற்றிப் போக வேண்டும். கூரைக் குளிர்சாதனத்தைக் கழற்றியும், ஏர் சஸ்பென்ஷனின் காற்றை இறக்கியும் சில அங்குலங்களைக் குறைப்பதுண்டு.

எடை வரம்பும் விதிவிலக்கும்

மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளில் இழுக்கும் லாரி, டிரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்து 80,000 பவுண்டுக்குள் (36,287 கிலோ) இருக்க வேண்டும். பழுதான வண்டியை மீட்கும் கனரக வண்டிகளுக்கு 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. ஆயினும் அது வண்டி நின்ற இடத்திலிருந்து அருகிலுள்ள தகுந்த பழுதுபார்க்கும் இடம் வரைதான். சாலை உதவித் திட்டங்கள் பலவும் இதே எல்லையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பாலான செலவு உரிமையாளருடையது.

ஒப்பந்தமும் பொறுப்பும்

வண்டியை உண்மையில் ஏற்றிச் செல்பவர் வேறு, அவரைத் தேடித் தரும் தரகர் வேறு. தரகர்கள் கூட்டரசு அமைப்பில் பதிவு செய்து, 75,000 டாலர் பிணையம் வைத்திருக்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையே சரக்கு சேதமடைந்தால் ஏற்றிச் செல்பவரே பொறுப்பு என்பது 1906 ஆம் ஆண்டின் கார்மக் திருத்தத்தின் சாரம். அது தரகரைக் கட்டுப்படுத்தாது. எழுத்து மூல உடன்பாட்டால் இழப்பீட்டுத் தொகைக்கு வரம்பு விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆதலால் கையெழுத்திடும் முன் மூன்றைப் பார்ப்பது நலம்: ஏற்றிச் செல்பவரின் பதிவெண், காப்பீட்டுச் சான்று, இழப்பீட்டு வரம்பு. மிகக் குறைந்த கட்டணத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்தவர்கள், நாள்கணக்கில் வண்டி வராமல் காத்திருக்க நேரிடுகிறது.

ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் நாற்புறமும் கூரையும் தெரியுமாறு தேதியுடன் படம் எடுத்து வைத்தால், சேதம் எப்போது நேர்ந்தது என்பதை நிறுவ இயலும்.

எது ஏற்றது

எஞ்சின், பிரேக், மின்சாரம் போன்ற கோளாறுகளுக்கு, நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வதைவிட நடமாடும் மெக்கானிக்கை வரவழைப்பதே பெரும்பாலும் சிக்கனமானது. வண்டிக் கூட்டின் சேதம் அப்படியன்று. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதியில் இவ்வகை வண்டித் தொழிற்சாலைகள் செறிந்துள்ளதால், கூட்டைச் சீரமைக்க அங்கே கொண்டு செல்வோர் உண்டு. பழுதுச் செலவு, ஏற்றுச் செலவு இரண்டும் சேர்ந்து வண்டியின் தற்போதைய விலையை எட்டுமானால், அதை நின்ற இடத்திலேயே விற்றுவிடுவது நட்டத்தைக் குறைக்கும்.