நன்னூல் வினாவிடை வகைமையும் கிறித்தவ மாணவர்தம் சமய ஐயங்களும்: கொல்லிமலைச் சான்றொன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மாணவர்கள் தம் சமய நம்பிக்கை குறித்து எழுப்பும் ஐயங்களை ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே தன்மையினவாகக் கருதி விடையளிக்கின்றனர். ஒரே தொடரமைப்பில் எழும் வினாக்கள் கேட்பவரின் நிலைக்கேற்ப வேறுபடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு தெளிவுறக் காட்டியுள்ளது. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களையும் எண்வகை விடைகளையும் அடிப்படையாகக் கொண்டு, மாணவரின் சமய ஐயங்களை வகைப்படுத்தி அணுகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வகைமைக்குள் அடங்காத துயர வினாவைக் கையறுநிலைத் துறையின் துணைகொண்டும், கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டின் வாழ்க்கையை முன்வைத்தும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஐயம், வினா, விடை, நன்னூல், கையறுநிலை, கொல்லிமலை, பால் பிராண்ட், சமயக் கல்வி.

முன்னுரை

பள்ளிப் பருவம்வரை குடும்பமும் ஞாயிறு பள்ளியும் கற்பித்தவற்றை ஏற்று வளர்ந்த மாணவர், கல்லூரிக்கு வந்ததும் புதிய சூழலை எதிர்கொள்கின்றனர். உயிரியல் வகுப்பில் படிமலர்ச்சிக் கொள்கையையும், வரலாற்று வகுப்பில் மூலப்படி ஆராய்ச்சியையும், விடுதி அறையில் பிற சமயத்து நண்பர்களின் பத்திமையையும் காண்கின்றனர். அப்போது எழும் வினாக்களைக் கேட்க அஞ்சி அடக்கிக்கொள்வோரும் உண்டு. கேட்டுக் கடிந்துரைக்கப்பட்டு விலகுவோரும் உண்டு. ஐயத்தை நம்பிக்கைக்குப் பகை எனக் கொள்ளும் மனப்பாங்கே இவ்விரண்டிற்கும் காரணமாகிறது.

தமிழ் மரபு ஐயத்தை அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரக் கிளவியாக்கத்திலேயே வினாவையும் செப்பையும் இணைத்து ஆராய்கிறது; வினா வடிவில் வருவதும் விடையாகும் என ஏற்கிறது. அகப்பொருள் இலக்கணத்திலும் தலைவன் தலைவியை முதன்முதல் கண்டபோது கொள்ளும் ஐயம் தெளிவுக்கு முந்திய இயல்பான நிலையாகவே அமைகிறது. இம்மரபின் துணையோடு சமயக் கல்விச் சிக்கல் ஒன்றை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறுவகை வினாக்கள்

சமண முனிவராகிய பவணந்தி, நன்னூல் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுத்துள்ளார். வினவுபவரின் அறிவுநிலையும் நோக்கமுமே இப்பகுப்பிற்கு அடிப்படை. தொடரின் வடிவம் அன்று. இலக்கணம் கூறும் பொருளைச் சற்று விரித்துக்கொண்டால், 'கடவுள் இருக்கிறாரா?' என்னும் ஒரே தொடர் ஆறு வகையாகவும் அமைதல் கூடும்.

வாதங்களை முன்பே கற்ற மாணவர் ஆசிரியரின் அறிவை அளந்தறியக் கேட்பின் அஃது அறிவினா. அவ்வாதங்களை அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பின் அறியா வினா. வீட்டில் கற்றதும் வகுப்பில் கற்றதும் முரண்படுவதாகத் தோன்ற, இதுவோ அதுவோ எனத் தடுமாறிக் கேட்பின் ஐய வினா. தாயின் நோய்க்கோ கட்டணத் தேவைக்கோ உதவி கிட்டுமா என்னும் ஏக்கத்தில் கேட்பின் கொளல் வினா. துயருற்ற நண்பருக்கு எடுத்துச்சென்று வழங்க ஓர் ஆறுதலை நாடிக் கேட்பின் கொடை வினா. திருச்சபை செய்யத் தவறியதைச் செய்யத் தூண்டும் பொருட்டுக் கேட்பின் ஏவல் வினா.

இறுதியாகக் கூறப்பட்ட வகை தமிழகச் சூழலில் தனிக்கவனம் பெறத்தக்கது. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கைவிடப்பட வேண்டும் எனக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தினார். எனினும் கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவினை தொடர்ந்ததைத் தமிழகக் கிறித்தவ வரலாறு காட்டுகிறது. இதனைக் கண்ட மாணவர் 'கடவுள் இருக்கிறாரா?' என வினவும்போது கடவுளின் இருப்பிற்கான தருக்கச் சான்றுகளை அடுக்குவது வினாவழுவாத விடையாகாது. அவர் வேண்டுவது செயல்.

எண்வகை விடைகளும் விவிலியச் சான்றுகளும்

சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடையை எட்டாக வகுக்கும் நன்னூல், முதல் மூன்றையும் நேர் விடைகளாகவும் எஞ்சிய ஐந்தையும் விடையின் பொருளைக் குறிப்பால் தருவனவாகவும் கொள்கிறது. விவிலியத்தில் ஐயுற்றோர் பெற்ற மறுமொழிகளை இவ்வகைமையோடு ஒப்பிட்டு நோக்கின், எட்டு வகைக்கும் சான்று கிடைக்கிறது.

உயிர்த்தெழுந்த இயேசுவைத் தொட்டுக் காணாமல் நம்பேன் என்ற தோமாவிற்குக் காயங்களே காட்டப்படுகின்றன, இது சுட்டு. தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்கு அது நீக்கப்படவில்லை, அருள் போதும் என்னும் உறுதியோடு கூடிய மறுப்பே கிடைக்கிறது, இது மறை. சித்தமிருந்தால் தம்மைத் தூய்மையாக்க முடியும் எனத் தயங்கி நின்ற தொழுநோயாளிக்குச் சித்தமுண்டு என்னும் உடன்பாடு கிடைக்கிறது, இது நேர். பின்னிரண்டும் வேண்டுகோள் வடிவின எனினும் 'செய்வீரா?' என்னும் வினாவை உள்ளடக்கியவை.

நாசரேத்திலிருந்து நன்மை வருமோ எனக் கேட்ட நாத்தான்வேலைப் பிலிப்பு வந்து பார்க்கச் சொல்கிறார், இஃது ஏவல். தன் துன்பத்திற்குக் காரணம் கேட்ட யோபு, நிலத்திற்கு அடித்தளம் இடப்பட்டபோது நீ எங்கிருந்தாய் என்பது போன்ற வினாக்களையே மறுமொழியாகப் பெறுகிறார். இது வினா எதிர் வினாதல். வரவேண்டியவர் நீர்தாமோ, வேறொருவரோ எனச் சிறையிலிருந்து ஆளனுப்பிய யோவான் ஸ்நானகனின் வினா, ஐய வினாவிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவருக்கு ஆம் என்றோ அன்று என்றோ கூறாமல், குருடர் பார்வை பெற்றமை முதலாய நிகழ்ச்சிகளை எடுத்துரைக்குமாறு இயேசு பணிக்கிறார். இஃது உற்றது உரைத்தல். எதுவரை கொடுமை நீடிக்கும் என முறையிட்ட ஆபகூக்கிற்கு இனி நிகழவிருப்பது அறிவிக்கப்படுகிறது. இஃது உறுவது கூறல். அரசு எப்போது மீட்கப்படும் என வினவிய சீடர்கள், காலத்தை அறிவது அவர்களுக்குரியதன்று என்றும் அவர்கள் சாட்சிகளாவர் என்றும் பெற்ற மறுமொழி இனமொழியின்பாற்படும்.

இவ்வொப்பீட்டிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இங்குச் சுட்டிய எண்மருள் ஒருவரும் கேட்டமைக்காகத் தள்ளப்படவில்லை. மற்றொன்று, ஒருவர் பெற்ற விடை பிறருக்குப் பொருந்துவதாக இல்லை. தோமாவிற்கு யோபு பெற்ற விடையையோ யோபுவிற்குத் தோமா பெற்ற விடையையோ மாற்றி அளித்துப் பார்ப்பின் இது விளங்கும்.

காரவள்ளிக்கு மேலே: ஒரு மாணவனின் இழப்பு

இவ்வகைமை எங்கே போதாமற்போகிறது என்பதைக் காட்டத் தமிழக மலைப்பகுதி ஒன்றின் வரலாறு உதவுகிறது. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் காரவள்ளி. இங்கிருந்து இன்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட சாலை மலைமேல் செல்கிறது. அச்சாலை இல்லாத காலத்தில், 1913ஆம் ஆண்டில், ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையர் கொல்லிமலையில் தங்கிப் பணியாற்றத் தொடங்கினர். வாழவந்தியை மையமாகக் கொண்டு மருத்துவம், பள்ளிக்கல்வி, வேளாண்மை, கட்டடப்பணி ஆகியவற்றை மலைவாழ் மக்களிடையே மேற்கொண்டனர். தொடக்க ஆண்டுகளில் அவர்தம் சமயச் செய்தியை ஏற்றோர் மிகச் சிலரே.

இவ்விணையரின் மகன் பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டில் பிறந்தார். மலைக்காட்டில் வளர்ந்த அவரைக் கல்வியின் பொருட்டு 1923ஆம் ஆண்டில் தங்கையுடன் இங்கிலாந்தில் விட்டுப் பெற்றோர் திரும்பினர். அதன்பின் தந்தையோடு அவருக்கு இருந்த தொடர்பு மடல்வழியே அமைந்தது. காட்டு மரங்களையும் உயிரினங்களையும் விளக்கி, அவற்றின்வழி இறைவனின் படைப்பைச் சுட்டிக்காட்டுவனவாக அம்மடல்கள் இருந்தன. 1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மலேரியாவின் கடுமையான விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் 44ஆம் வயதில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. அதற்குமுன் அவர் எழுதிய மடல்களோ கப்பலில் சென்றமையால், தந்தை இறந்ததை அறிந்த பின்னரும் 14 வயது மாணவரின் கையில் அவை வந்து சேர்ந்தன.

அவ்விளைஞர் உள்ளத்தில் அன்று எழுந்தது எது என ஊகிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் இத்தகைய நிலையில் உள்ள ஒரு மாணவர் 'ஏன்?' எனக் கேட்பின், அஃது அறுவகை வினாக்களுள் எதில் அடங்கும்? மலேரியா பரவும் முறையை விளக்கினால் அவ்வினா தீராது. இறைவனின் திருவுளம் என்றாலும் தீராது. அது விடை வேண்டாத வினா. புறத்திணை மரபு இதனைக் கையறுநிலை என அறிந்திருந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது, அவன் நாட்டில் பூத்த முல்லையை நோக்கி நீயும் பூத்தாயோ எனக் குடவாயிற் கீரத்தனார் வினவுகிறார். முல்லை மறுமொழி கூற வேண்டும் என்பது புலவரின் எதிர்பார்ப்பன்று. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் பேசாது உடனிருந்தவரை அவருக்குத் துணையாயினர்; காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே பிழைபட்டனர்.

வலி ஆய்வு தந்த விடையும் அதன் எல்லையும்

இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தமை அவரது பெரும்பணி. நோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலப் பொதுக் கருத்து. நரம்பு பாதிக்கப்பட்டு வலியுணர்வு அற்றுப்போவதால், தீப்புண்ணையும் வெட்டுக்காயத்தையும் அறியாமல் தொடர்ந்து உழைத்தே கைகால்கள் சிதைகின்றன என்பதை அவரும் உடன்பணியாற்றியோரும் நிறுவினர். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை எச்சரிக்கைக் கருவி அமைக்க முயன்றனர். விரும்பாதபோது எச்சரிக்கையைப் புறக்கணிக்கவோ நிறுத்திவிடவோ முடிந்தமையால் அம்முயற்சி பயன்படவில்லை. வலி காக்கவேண்டுமெனில் அது புறக்கணிக்க இயலாததாக இருத்தல் வேண்டும் என்பது அவர் அடைந்த தெளிவு. வலியை எவரும் விரும்பாத கொடையாகக் கண்ட அவர், அக்கருத்தைப் பிலிப் யான்சியுடன் இணைந்து 1993ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

நல்ல கடவுள் படைத்த உலகில் வலி ஏன் உள்ளது என்பதை அறியா வினாவாகக் கேட்கும் மாணவருக்கு இவ்வாய்வு சிறந்த நேர் விடையாகும். ஆயினும் அதன் எல்லையையும் ஆசிரியர் உணர்தல் வேண்டும். வலியின் பயனை அது விளக்குகிறது. கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் ஒருவர் இறந்ததை அது விளக்குவதில்லை. முதல் வினாவிற்குரிய விடையை இரண்டாம் வினாவிற்கு அளிப்பின் அறிவியலும் பிழைபடும், துயருற்றவரும் புண்படுவர். கணவரை இழந்த எவலின் பிராண்ட் மீண்டும் இந்தியாவிற்கு வந்து, சங்கப்பணியில் ஓய்வுபெற்ற பின்னரும் மலைமக்களிடையே வாழ்ந்து 1974ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வாழ்க்கை உற்றது உரைத்தலாகச் சிலருக்கு அமையலாம். கேட்பவர் அதனை ஏற்கும் நிலையை அடையும்வரை அதையும் ஆசிரியர் முந்திக் கூறுதல் தகாது.

வகுப்பறைக்குரிய நெறிகள்

மேற்கண்ட ஆராய்ச்சியின் அடிப்படையில் சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது, விடை கூறுமுன் வினாவின் வகையை அறிதல். 'இவ்வினா உனக்கு எப்போது எழுந்தது?' என்னும் எதிர்வினா பெரும்பாலும் இதற்குப் போதும். இரண்டாவது, அறியா வினாவிற்கு அறிவு சார்ந்த நேர் விடை தருதல். நற்செய்தி நூல்களின் படிகளில் வேறுபாடு உண்டா எனக் கேட்பவரிடம் உண்டு என்பதை மறைக்காமல் விளக்கவேண்டும். அவரை 'நம்பு' எனப் பணிப்பது பிலிப்பின் ஏவல் போன்றதன்று. பிலிப்பு நேரில் கண்டறிய அழைத்தார்.

மூன்றாவது, ஐய வினாவில் இருபக்கத்தையும் நேர்மையாக எடுத்துவைத்தல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், கர்மக் கொள்கையை மதித்து ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். இந்து சமயத்தின்மீது கிறித்தவ அறிஞர் கூறிய குறைகளுக்கு மறுப்பாக வேதாந்த அறவியலைப் பற்றி ஆய்வேடு எழுதிய தம் மாணவர் இராதாகிருஷ்ணனை அவர் பாராட்டினார். தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே மாற்றுக் கருத்துடைய மாணவரை மதிக்க இயலும் என்பதற்கு இது சான்று. நான்காவது, ஏவல் வினாவிற்குச் சொல்லால் விடையிறுத்து அமையாது, மாணவரோடு சேர்ந்து செய்யத்தக்கதைச் செய்தல். ஐந்தாவது, கையறுநிலை வினாவின்முன் விடைகூறாது உடனிருத்தல்.

முடிவுரை

மாணவரின் சமய ஐயம் ஒருதன்மைத்தன்று. வினவுபவரின் நிலையை நோக்கி வினாவைப் பகுத்த நன்னூல், சமயக் கல்விக்கும் பயன்படும் கருவியாக அமைகிறது. விவிலியத்தின் எண்வகை மறுமொழிகள் அக்கருவி கிறித்தவச் சூழலுக்கு அயலானதன்று என்பதை உறுதிப்படுத்துகின்றன. கொல்லிமலைச் சான்று, துன்பம் பற்றிய அறிவு வினாவும் துயரின் வினாவும் வேறுவேறு என்பதைப் புலப்படுத்துகிறது. வகையறியாது கூறப்படும் விடை உண்மையாக இருப்பினும் மாணவரை நம்பிக்கையிலிருந்தும் வினவுதலிலிருந்தும் ஒருசேர விலக்கிவிடக்கூடும். விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழும் இத்தகைய வினாக்களைத் திரட்டி இவ்வகைமையோடு பொருத்திக் காணும் களஆய்வு, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.