திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளில் புலம்பெயர் வேளாண் கூலிகள்: முன்பணமும் உரிமையும்

முன்னுரை

ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டம், சென்னையின் கட்டுமானங்களுக்குச் செங்கல் வழங்கும் நிலப்பகுதியாகும். இங்குள்ள சூளைகளில் உழைப்போருள் கணிசமானோர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களைச் சேர்ந்த நிலமற்ற வேளாண் கூலிகளும் சிறு உழவர்களும் ஆவர். அவர்தம் பணிநிலையையும் சட்டப் பாதுகாப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்பணமும் பிணைப்பும்

மேற்கு ஒடிசாவில் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருவிழாவை ஒட்டி, 'சர்தார்' எனப்படும் முகவர்கள் முன்பணம் வழங்குகின்றனர். அறுவடைக்குப்பின் புலம்பெயர்வோர், கோடை இறுதிவரை சூளையிலேயே தங்குகின்றனர். கணவன், மனைவி, ஒரு சிறார் அடங்கிய 'பத்துரியா' என்னும் குழுவே கூலியின் அலகு. அறுத்த கற்களின் எண்ணிக்கைக்கேற்பக் கணக்கிடப்படும் கூலி முன்பணத்தில் கழிக்கப்படுகிறது; உணவுச் செலவுக்கான சிறு தொகையே வாரந்தோறும் கைக்கு வருகிறது. மனைவியின் உழைப்பும் சிறாரின் உழைப்பும் கணவன் கணக்கில் அடங்கிவிடுவதால், ஒவ்வொருவரும் உழைத்த நேரமோ பெற்ற கூலியோ ஆவணத்தில் தெரிவதில்லை. குறைந்தபட்சக் கூலி மறுக்கப்படுவது புலனாகாமைக்கு இதுவே முதற்காரணம்.

சட்டத்தின் நிலைப்பாடு

குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது, அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976, கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாட்டை நீக்குகிறது. அக்கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பை, அதன் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீதே சுமத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் ஆடவர்க்கு 1 இலட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 இலட்சம், கடுஞ்சுரண்டலுக்கு உள்ளானோர்க்கு 3 இலட்சம் ரூபாய் என வரையறுத்தது. எனினும், விடுவிப்புச் சான்றிதழ் இன்றி மீண்டவர் சொந்த ஊரில் இவ்வுரிமையைக் கோருதல் அரிது.

மாறிய பாதுகாப்பு

மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979, ஐவர் பணிபுரியும் இடத்திற்கே பொருந்தியது. இடப்பெயர்வுப் படியையும் வழங்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தி, அப்படியைக் கைவிட்டது. முகவரின்றித் தாமே வந்தோரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்பது அதன் ஆக்கக்கூறு.

முடிவுரை

உரிமைகள் தனிமனிதர்க்கு உரியனவாகச் சட்டத்தில் அமைய, சூளையின் கணக்கேடோ குடும்பத்தை ஒரே உழைப்பாளியாகக் காண்கிறது. ஒவ்வொருவர் பெயரிலும் கூலிப் பதிவும், முன்பணத்தின் எழுத்துச் சான்றும், ஒடியா மொழி அறிந்த ஆய்வாளரும் அமைந்தாலன்றி இவ்விடைவெளி நீங்காது.